இரண்டாவது ஆள் எப்படிக் குடிப்பார்?

வீட்டுக்கு ஒரு எஸ்பிரெசோ மிஷின் வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்கப் போன ஒருவர் கோபித்துக்கொண்டு திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடியும் கோபித்துக்கொண்ட கதை இது. அவர் பெயர் சென்னியப்பன். ஊர் கோயம்புத்தூர்.

கோபம் அவருக்குப் புதிதல்ல. அதுவே அவருடைய உத்தியோகமாக இருந்தது. மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். பம்பைத் தட்டிப் பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார், “இது தேறாது” என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பட்டறையே நடுங்கும். ஓய்வு பெற்றபோது மாலையும் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். வார்த்தையையும் அவர் கையோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். செய்தித்தாள் தேறாது, தெருவிளக்கு தேறாது, எதிர் வீட்டுக்காரர் கட்டுகிற மதில் நிச்சயமாகத் தேறாது.

எஸ்தர் காபி சொல்லிக்கொடுக்கிறவர். சிங்காநல்லூர் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கூடத்தில் வகுப்பு. கடை வைக்கப் போகிறவர்களும் வீட்டில் போட்டுப் பழக நினைக்கிறவர்களும் அவரைத் தேடி வருவார்கள். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சென்னியப்பன் மட்டும் அம்மிணி என்றார். மகள் வயசுப் பெண்ணை மாஸ்டர் என்று கூப்பிட அவருக்கு நாக்கு வளையவில்லை.

“அம்மிணி, சுத்தி வளைக்க வேண்டாம். நல்ல மிஷின் எது? பேரைச் சொன்னாப் போதும், வாங்கிட்டுப் போயிட்டே இருப்பேன்.”

“ஊட்ல எத்தனை பேருங்க?”

“ரெண்டு பேரு. நானும் என்ற சம்சாரமும்.”

“நீங்க எப்படிக் குடிப்பீங்க?”

“கள்ளிச்சொட்டாட்டக் கெட்டியா இருக்கோணும். சக்கரை அரைக் கரண்டி. ஆவி பறக்கோணும்.”

“ரெண்டாவது ஆளு எப்படிக் குடிப்பாங்க?”

சென்னியப்பன் விழித்தார். “டம்ளர்லதான் குடிப்பா. வேற எப்படிங்க?”

“அவங்களுக்கு எப்படி இருந்தாப் பிடிக்கும்னு கேட்டேனுங்க.”

“அவளுக்கென்ன, எப்படிக் குடுத்தாலும் குடிப்பா.”

“கேட்டுட்டு வாங்க,” என்றார் எஸ்தர். “பொறவு மிஷினைப் பத்திப் பேசலாம்.”

சென்னியப்பனுக்குக் காது சிவந்துவிட்டது. மிஷின் வாங்கப் போன இடத்தில் குடும்ப விசாரணை! பம்பு வாங்க வருகிறவனிடம் உன் பெண்டாட்டி குளிப்பது பச்சைத் தண்ணியா வெந்நீரா என்று அவர் ஒரு நாளாவது கேட்டிருப்பாரா? விறுவிறுவென்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் காபி என்ற பேச்சையே அவரால் அந்த வீட்டில் எடுக்க முடியவில்லை. அந்தச் சங்கடம் எஸ்தருக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை அவர் சமையலறை மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். எதிரே மனைவி மரகதத்தின் ஸ்டூல் காலியாக இருந்தது. மரகதம் பித்தளை ஃபில்டரைக் கழுவித் துடைத்துப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“காபி எங்கே?”

“இனி நான் போடறதில்லீங்க.”

“ஏன், தூள் தீந்து போச்சா?”

“உங்களுக்கு வேலை முடிஞ்சுது. எனக்கும் இந்த ஒரு வேலையாச்சும் முடியட்டும். எனக்குக் காபியே பிடிக்காதுங்க.”

சொல்லிவிட்டு ஃபில்டரைப் பரணில் ஏற்றிவிட்டாள். அன்றிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். வெயில் உறைத்த பிறகுதான் இறங்கி வருகிறாள்.

சென்னியப்பன் குதித்தார். என்ன பேச்சு இது? மரகதம் காபி என்றால் சொந்தபந்தம் முழுக்கப் பிரசித்தம். அவருடைய முதலாளியே இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, “இந்தக் கைக்கு வளையல் போடோணும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து எதிரே உட்கார்ந்து குடித்தவள், இன்றைக்குப் பிடிக்காது என்கிறாள். அப்படியானால் இத்தனை காலம் நடித்தாளா? கேட்டால் மாடிப்படி ஏறுகிற சத்தம்தான் பதில்.

அவள் மாடிக்குப் போன பிறகு அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதெல்லாம், “நீ போடாட்டி எனக்குக் காபி கிடைக்காதா? மிஷின் வாங்கி, நானே போட்டுக் காட்டறேன்” என்பதுதான். உள்ளே வலித்தது வேறு. அந்தக் காலி ஸ்டூல் வலித்தது. காலையில் செய்தித்தாளைப் பிரித்து “இது தேறாது” என்று சொன்னால், “எது தேறாதுங்க?” என்று கேட்க ஆள் இல்லை. எப்படியாவது அவள் மறுபடி எதிரே வந்து உட்கார வேண்டும். அதைக் கேட்க வாய் வரவில்லை. ஆகவே மிஷின்.

எஸ்தர் சொல்லாவிட்டால் ஊரில் கடையே இல்லையா என்று அவர் கடைகளில் ஏறி இறங்கினார்.

முதல் கடைக்காரன், “இதுல இருபது பார் அழுத்தம் சார்” என்று ஒரு டப்பாவைத் தட்டினான்.

“எதுக்கு? காபியை நாலாவது மாடித் தொட்டிக்கு ஏத்தோணுமா?”

அவன் சிரித்தான். சென்னியப்பன் சிரிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அழுத்தத்தோடு குப்பை கொட்டிய மனிதரிடம் போய் அழுத்தத்தை விற்கிறான்! ஒரு கப் காபிக்கு ஒன்பது பார் போதும் என்று அதற்குள் அவர் படித்துத் தெரிந்துகொண்டிருந்தார். டப்பாவின் மேல் விரலால் தட்டிப் பார்த்தார். உள்ளே எல்லாம் பிளாஸ்டிக். தேறாது.

இரண்டாவது கடைக்காரி, காபிக் கொட்டையை அரைப்பது, வடிப்பது, பாலை நுரைக்க வைப்பது எல்லாம் தானே செய்துவிடும் மிஷினைக் காட்டினாள். “நீங்க சும்மா நின்னாப் போதும் சார்.” சும்மா நிற்பதற்காகவா ஒரு மனிதன் மிஷின் வாங்குகிறான்? சும்மா நிற்கத்தான் அவருக்கு ஏற்கனவே மாலை போட்டு அனுப்பிவிட்டார்களே. அதுவும் தேறாது.

மூன்றாவது கடையில் இரண்டு கொதிகலன் வைத்த பெரிய மிஷின் ஒன்று நின்றது. முழுக்க எஃகு. ஒன்றில் காபி இறங்கும்போதே இன்னொன்றில் பாலுக்கு ஆவி கிடைக்கும். சென்னியப்பன் அதன் பம்புச் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டார். மனம் இளகிவிட்டது. “ஆனா சார், கொட்டை அரைக்கிற மிஷினும் நல்லதா வேணும், கையும் பழகோணும், புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இது சிரமம்” என்று அந்தக் கடைக்காரர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். அதற்காகவும் அவர்மேல் கோபம் வந்தது.

கை பழகுவதற்கு எஸ்தரிடம்தான் போயாக வேண்டும். மூக்கு உடைபட்டாலும் பரவாயில்லை என்று போனார்.

“கேட்டீங்களா?” என்றார் எஸ்தர், அவரைக் கண்டதுமே.

“கேட்டேன் கேட்டேன். என்னை மாதிரியேதான் குடிப்பாளாம்.”

பச்சைப் பொய். எஸ்தர் அவர் முகத்தையே பார்த்தார்.

“சரிங்க. அந்த ஏப்ரனை மாட்டிக்குங்க.”

சும்மா சொல்லக்கூடாது, வேலை என்று வந்துவிட்டால் சென்னியப்பன் சொக்கத் தங்கம். கொட்டையை எவ்வளவு மையாக அரைப்பது, கைப்பிடி வைத்த வடிகட்டியில் தூளை எப்படிச் சமமாக அமுக்குவது, எந்த நிறம் வரும்போது நிறுத்துவது எல்லாம் விடாமல் கற்றுக்கொண்டார். முதலில் காபி சளசளவென்று ஓடியது. அப்புறம் சொட்டவே மாட்டேன் என்றது. ஒவ்வொரு கப்பையும் ருசி பார்த்து அவரே “தேறாது” என்று தொட்டியில் கொட்டினார். ஒவ்வொரு தடவையும் வடிகட்டியில் இறுகிக் கிடந்த சக்கையைத் தட்டி எறிந்துவிட்டுப் புதுத் தூள் போட்டார்.

கை ஓடிக்கொண்டிருக்கும்போது வாயும் ஓடியது.

“என்ற சம்சாரம் ஃபில்டர்ல போடுவா பாருங்க அம்மிணி, அது தனி. நல்ல தூளா வாங்கி, ராத்திரியே வடிய விட்டுருவா. முதல் டிகாஷன் எனக்கு. ஆராச்சும் வந்தா அவங்களுக்கு. வீணடிக்கவே மாட்டா. அதே தூள்ல இன்னொருக்கா வெந்நீர் ஊத்தி, வர்றதைத் தான் குடிச்சுக்குவா. ஒரு நாளும் மொனகினதில்ல. அந்தக் கெட்டிக்காரத்தனம் ஆருக்கு வரும்?”

எஸ்தர் துடைத்துக்கொண்டிருந்த கப்பைக் கீழே வைத்தார்.

ஒரு நாள் சென்னியப்பன் போட்ட காபி தேன் மாதிரி இறங்கியது. மேலே பொன் நிறத்தில் நுரை. பாலைச் சேர்த்து ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக அந்த வார்த்தை வெளியே வந்தது.

“தேறும்.”

“தேறுங்க,” என்றார் எஸ்தர்.

“அப்பச் சொல்லுங்க. அந்த ரெண்டு கொதிகலன் மிஷினை எடுத்துரட்டுமா? மரகதம் ஒரு குத்தம் சொல்ல முடியாது.”

“சொல்றேன். சக்கையைத் தட்டாதீங்க. அது அப்படியே இருக்கட்டும். கீழே இன்னொரு கப்பு வைங்க.”

“எதுக்கு?”

“பட்டனை அமுத்துங்க.”

அமுக்கினார். ஏற்கனவே வடித்து முடித்த தூளின் வழியாக மறுபடி தண்ணீர் இறங்கியது. வெளிறிப்போய், செம்மண் குட்டைத் தண்ணீர் நிறத்தில் ஓடியது. எஸ்தர் அதே பாலை அதே அளவு ஊற்றி, அரைக் கரண்டி சர்க்கரை போட்டு, அவர் கையில் கொடுத்தார்.

“குடிங்க.”

சென்னியப்பன் ஒரு வாய் குடித்தார். அடுத்த நொடி தொட்டியில் துப்பினார்.

“என்ன அம்மிணி இது? சட்டி கழுவின தண்ணி!”

“காபிதானுங்க. அதே தூளு, அதே மிஷின், அதே பாலு. போட்டதும் நீங்கதான்.”

“சத்தெல்லாம்தான் முன்னயே இறங்கிருச்சே! மிச்சம் இருக்கறது வெறுங்கசப்பு. இதைக் கொண்டாந்து காபின்னு நீட்டறீங்க?”

“ஒருத்தங்களுக்குத் தினமும் இதையே குடுத்தா?”

“தினமுமா? ஒரு நாள் குடுத்தாலே மூஞ்சில ஊத்திட்டுப் போயிருவான்!”

“போகலீங்க. பேசாமக் குடிச்சாங்க. வருசக்கணக்கா.”

சென்னியப்பனுக்கு மீசை துடித்தது. உண்மையாகவே துடித்தது. ஊரில் எவ்வளவோ அநியாயம் பார்த்திருக்கிறார், இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை.

“ஆரு அது? உங்ககிட்ட வேலை பழகின பொண்ணா? குடுத்தவன் ஆரு? எந்தக் கடைக்காரன்?”

“எதிர்லயே உக்காந்து நல்லதைக் குடிச்சவருதானுங்க.”

“எதிர்லயேவா!” அவர் கப்பை மேஜையில் ஓங்கி வைத்தார். பாதி சிந்தியது. “நல்லதைத் தான் குடிச்சுட்டு, எதிர்ல இருக்கற சீவனுக்குச் சக்கைத் தண்ணியா? அது எப்படி இருக்குதுன்னு ஒரு வாய் வாங்கிப் பார்த்திருப்பானா அவன்? அவனைக் கொண்டாந்து என்ற முன்னால நிறுத்துங்க. அவனெல்லாம் தேறவே மாட்டான்!”

கூடத்தில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எஸ்தர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவர் முகத்திலும் கோபம்தான் இருந்தது.

“உங்க ஊட்ல ரெண்டாவது டிகாஷன் ஆரு குடிச்சாங்க?”

சென்னியப்பன் வாயைத் திறந்தார்.

“அது... நான் குடுக்கலீங்களே. அவளேதான் ஊத்தி...”

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

எஸ்தர் அந்தக் கப்பை எடுக்கக் கையை நீட்டினார். சென்னியப்பன் கொடுக்கவில்லை. சிந்தியது போக மிச்சம் இருந்ததை எடுத்து, நின்றபடியே, கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஒவ்வொரு வாயும் இறங்க மறுத்தது. துப்பவில்லை.

“அப்ப நான் எந்த மிஷினை வாங்கட்டுங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஊட்ல ஃபில்டர் இருக்குதுங்களா?”

“பரண்ல இருக்குது.”

“ஒருக்கா அதுல போடுங்க. மிஷினு எங்கயும் ஓடிப் போயிடாது.”

அன்று இரவே ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து ஃபில்டரை இறக்கினார். அந்த வீட்டில் தூள் எந்த டப்பாவில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டார். கடுகு டப்பா, வெந்தய டப்பா எல்லாம் திறந்து பார்த்துக் கடைசியில் கடைக்கே போய்ப் புதுத் தூள் வாங்கி வந்து, வடிய வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. டிகாஷன் என்னவோ கள்ளிச்சொட்டாக இறங்கியிருந்தது. அத்தனையையும் ஒரே டம்ளரில் ஊற்றிப் பாலைக் கலந்து, ஆற்றி, தனக்கென்று ஒரு சொட்டு வைக்காமல் மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார்.

மரகதம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“என்னுங்க இது?”

“காபி.”

“எனக்குத்தான் பிடிக்காதுன்னு சொன்னேனுங்களே.”

“ஒரு வாய் குடி மரகதம்.”

அவள் வேண்டாவெறுப்பாக வாங்கினாள். குடித்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள். சென்னியப்பன் நல்ல வார்த்தை வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். எத்தனை பட்டாலும் பழைய புத்தி போய்விடுமா?

மரகதத்தின் முகம் சிவந்தது. கண்ணும் சிவந்தது.

“இதுதானுங்களா அது?”

“எது?”

“மரகதம் காபி, மரகதம் காபின்னு எல்லாரும் சொன்னாங்களே, அது இதுதானா?” அவள் குரலில் அழுகை இல்லை, ஆத்திரம். “நான் குடிச்சது இது இல்லீங்களே!”

அவள் டம்ளரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“உங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க, முதல்ல வடியறது ஆம்பளைக்குன்னு. அவங்களும் அப்படித்தான் குடிச்சிருப்பாங்க பாவம். சரி, அவங்களுக்குத் தோணல. நீங்க எதிர்லயே உக்காந்து இதைச் சப்புக்கொட்டிக் குடிச்சீங்களே, உங்களுக்கு ஒரு நாளாச்சும் ‘இந்தா, ஒரு வாய் பாரு’ன்னு சொல்லத் தோணலியா? இதை நானே கலந்தேனே, எனக்கும் தோணலீங்களே! அதுதான் என்ற வயிறு எரியுது!”

சொல்லிவிட்டு அவள் டம்ளரைக் கீழே வைத்துவிடவில்லை. அண்ணாந்து முழுசாகக் குடித்தாள். அடியில் ஒட்டியிருந்த சர்க்கரையைக்கூட விடவில்லை. காலி டம்ளரை அவர் கையில் திணித்தாள். சென்னியப்பன் அதை வாங்கிக்கொண்டு படி இறங்கி, கழுவி வைத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். என்னவென்று கேட்பது? ஒரு காபிக்கா, எத்தனை காலைக்கு?

அடுத்த வகுப்புக்கு அவர் தனியாகப் போகவில்லை. மரகதம் முன்னால் வந்தாள், அவர் பின்னால் வந்தார். மரகதத்தின் கோபம் தீர்ந்திருக்கவில்லை. வண்டியில் வரும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் “அங்க காபி சொல்லிக் குடுக்கறாங்க, வர்றியா?” என்று அவர் கேட்டபோது செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பளபளவென்று நின்ற மிஷின்களை, கண்ணாடிச் சாடிகளில் இருந்த கொட்டைகளை, வரிசையாகக் கவிழ்த்து வைத்த கப்புகளை எல்லாம் பார்த்தாள்.

“வாங்கம்மா,” என்றார் எஸ்தர். “நீங்க எப்படிக் குடிப்பீங்க?”

மரகதம் யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள்.

“தெரியலீங்க. நான் இன்னும் ஒருக்காதானுங்களே குடிச்சிருக்கறேன்.”

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்ப மிஷின் எதுங்க, மாஸ்டர்?” என்று கேட்டார்.

எஸ்தர் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மரகதத்தைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துச் சென்னியப்பனிடம் நீட்டினார்.

“நீங்க உக்காருங்கம்மா. சார் போடுவாரு. உங்களுக்குப் பிடிக்கிற வரைக்கும் போடுவாரு.”